ரஃபேலின் விதானத்திலிருந்து ஒரு படி: காவிக்கட்டியும் ஈரக் காகிதமும்

முதல் நாள் பதினோரு மணிக்கெல்லாம் கழுத்து பிடித்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் அண்ணாந்தபடியே நின்றிருந்தேன். மேலே பார்த்ததைக் கீழே காகிதத்துக்குக் கொண்டுவருவதற்குள் பாதி மறந்துபோகிறது. மறுபடி அண்ணாந்தால் விட்ட இடம் பிடிபடுவதில்லை.

ரோமில், டைபர் ஆற்றின் மேற்குக் கரையில், டிரஸ்டேவரே பகுதியில் இருக்கும் வில்லா ஃபார்னேசினாவின் தரைத்தளக் கூடம் அது. போப்புகளுக்கே கடன் கொடுத்த அகோஸ்தினோ கீஜி என்ற வங்கியாளர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்தஸ்ஸாரே பெரூட்சியைக் கொண்டு கட்டிய மாளிகை. தோட்டத்தைப் பார்த்துத் திறந்திருந்த இந்தக் கூடத்தின் விதானத்தில் ஓவியர் ரஃபேலும் அவருடைய பட்டறைக்காரர்களும் 1517, 1518 வாக்கில் க்யூபிட், சைக்கி கதையை வரைந்தார்கள். சைக்கி மானிடப் பெண், பேரழகி. பொறாமைப்பட்ட வீனஸ் அவளைத் தண்டிக்கத் தன் மகன் க்யூபிடை ஏவுகிறாள். அவனோ அவளையே காதலித்துவிடுகிறான். பல சோதனைகளுக்குப் பிறகு தேவர்கள் கூடிப் பேசி, சைக்கிக்குச் சாவாமை கொடுத்துக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். அப்புலெயுஸ் என்ற பழைய லத்தீன் எழுத்தாளர் சொன்ன கதை இது.

விதானத்தின் நடுவில் இரண்டு பெரிய காட்சிகள்: தேவர் சபை, கல்யாண விருந்து. பந்தலில் துணி இழுத்துக் கட்டியிருப்பதுபோலவே அவற்றை வரைந்திருக்கிறார்கள். விதானம் வளைந்து சுவரில் இறங்கும் இடங்களில், கீழ்நோக்கிக் கூர்ந்து வரும் முக்கோணங்கள் பத்து. ஒவ்வொன்றிலும் கதையின் ஒரு கட்டம். நான் படியெடுக்க எடுத்துக்கொண்டது க்யூபிடும் மூன்று அழகு தேவியரும் இருக்கும் முக்கோணம். தேவியரில் ஒருத்தி நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். க்யூபிட் கையைக் கீழே நீட்டி, அதோ பார், அவள்தான் என்று சைக்கியைக் காட்டுகிறான்.

ஆனால் அவன் காட்டும் இடத்தில் சைக்கி இல்லை. இந்தக் கூடத்தில் தேவலோகத்தில் நடப்பதை மட்டும்தான் வரைந்திருக்கிறார்கள். பூமியில் நடப்பது எதுவும் இல்லை. அவன் விரல் போகும் திசையில் சுவர் இருக்கிறது, தரை இருக்கிறது, தரையில் நாம் நிற்கிறோம். அச்சில் இந்தப் படத்தைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன். அந்த விரல் இப்படிக் கூடத்துக்குள் இறங்குகிறது என்பது அங்கே போய் நின்றபோதுதான் தெரிந்தது. இதைத்தான் வரைய வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவாகிவிட்டது.

கையில் இருந்தவை: 30 × 40 சென்டிமீட்டர் தாள்கள் பன்னிரண்டு, ஒரு பலகை, எச்பி, 2பி பென்சில்கள், ஒரு சின்னக் கைக்கண்ணாடி. காவிக்கட்டியை அறையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அதன் தூள் அந்தத் தரையில் ஒரு பொட்டு விழுந்தாலும் எனக்கு மனசு ஆறாது. மாளிகை காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரைதான் திறந்திருக்கும். அதனால் நான்கு காலைப்பொழுதுகளை இதற்கென்றே ஒதுக்கியிருந்தேன். தங்கையும் கூட வந்திருந்தாள்.

கழுத்து பிடித்ததும் கைக்கண்ணாடியைப் பலகையின் ஓரத்தில் கிளிப் போட்டு நிறுத்தி, குனிந்து அதில் விதானத்தைப் பார்த்தேன். எவ்வளவு நிம்மதி! படமும் காகிதமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதுகைக் காட்டி உட்கார்ந்தவளை அப்படித்தான் வரைந்தேன். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. தோள்பட்டை எலும்பு, முதுகுத்தண்டின் பள்ளம், இடுப்பில் சதை மடிகிற இடம் எல்லாம் ஒரே ஓட்டத்தில் வந்தன. அந்தப் பயணத்தில் நான் போட்ட கோடுகளில் மிகச் சிறந்தவை அவை. கழுத்து கொஞ்சம் சரியானதும் கண்ணாடியை எடுத்துவிட்டு, க்யூபிடை நேரடியாக அண்ணாந்து பார்த்து வேறொரு தாளில் வரைந்தேன்.

ராத்திரி அறையில் இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒட்டவே இல்லை. தங்கை அங்கே வாங்கிய அஞ்சலட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அக்கா, கார்டுல இவ அந்தப் பக்கம் சாஞ்சிருக்கா. நீ இந்தப் பக்கம் சாச்சிருக்க.”

கண்ணாடி இடம் வலமாகத் திருப்பிக் காட்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஒரு முதுகை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இடது எது, வலது எது என்ற கேள்வியே மனசில் வரவில்லை. வளைவு சரியா, நிழல் சரியா என்பதிலேயே கவனம் போய்விட்டது. க்யூபிட் சரியான பக்கம் இருக்கிறான், அவள் இடம் வலம் மாறி இருக்கிறாள். ஒளியும் அப்படியே இரண்டு திசையிலிருந்து விழுகிறது.

மறுநாள் கண்ணாடி இல்லாமல் அவளை மறுபடி வரைந்தேன். சுமாராகத்தான் வந்தது. மூன்றாம் நாளும் வரைந்தேன். முதல் நாள் தாளின் அருகில் எதுவும் நிற்கவில்லை. சரி, இந்தத் தாளை விடக் கூடாது, இதைத் திருப்புவதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த வழிக்கு அப்புறம் வருகிறேன்.

மூன்றாம் நாள் கற்றுக்கொண்டது வேறொன்று. அந்த முக்கோணம் தட்டையான பரப்பு இல்லை. மேலே போகப் போக நம் தலைக்கு மேல் கவிகிறது. கீழே வரும்போது சுவரோடு நிமிர்கிறது. நேர் கீழே நின்று பார்த்தால் மேல்பாதி உருவங்கள் சப்பையாகின்றன. எதிர்ப்புறத்துக்குப் போய் நின்று பார்த்தால் அதே உருவங்கள் நீண்டுவிடுகின்றன. நீட்டிய கையில் பென்சிலைப் பிடித்து, கட்டைவிரலை நகர்த்தி அளந்து பார்த்தேன். அடியில் நின்றபோது க்யூபிடின் உடம்பு அவன் தலையைப்போல் ஐந்து மடங்குகூட வரவில்லை. எதிர்ப்புறம் போனால் ஆறைத் தாண்டியது. இரண்டில் எது ரஃபேல் வரைந்த க்யூபிட்?

புத்தகத்தில் நாம் பார்க்கும் புகைப்படம் இந்தக் கேள்வியை நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது. முக்கோணத்துக்கு நேர் எதிரே, உயரத்தில், மிதந்தபடி எடுத்ததுபோல் இருக்கும் படம் அது. அந்த இடத்தில் எந்த மனிதரும் நின்றதில்லை, சாரத்தின் மேல் நின்ற ஓவியர்களையும் செப்பனிட்டவர்களையும் தவிர. 500 வருடமாக இங்கே வந்து படியெடுத்தவர்கள் எல்லோரும் தரையில் எங்கோ ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். அந்த இடம் அவர்கள் கோடுகளில் ஒளிந்திருக்கும் என்று தோன்றியது. கால் குட்டையாக இருந்தால் அடியில் நின்றிருக்கிறார். எல்லாம் அளவாக இருந்தால் ஒன்று தொலைவில் நின்றிருக்கிறார், அல்லது மனசுக்குள் திருத்திக்கொண்டிருக்கிறார்.

நான் எதிர்ப்புறத்தைத் தேர்ந்தெடுத்தேன். எதிர்ச் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி, தரைக்கல்லின் ஒரு கோட்டில் செருப்பு நுனியை வைத்து, நான்காம் நாள் முழுவதும் அங்கேயே நின்றேன். அளவு பிடிக்க எனக்கு உதவியவை பழங்கள். ஒவ்வொரு முக்கோணத்தையும் சுற்றி இலையும் பழமும் காயுமாகப் பருத்த மாலைகள் ஓடுகின்றன. ஜொவான்னி ட உதினே என்ற ஓவியர் வரைந்தவை. தாவரவியலாளர்கள் அவற்றில் 160-க்கும் மேற்பட்ட இனங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளம்கூட அதில் இருக்கிறது. கொலம்பஸ் கப்பலேறி 26 வருடத்துக்குள். கட்டம் போட்டுப் படியெடுப்பவர்களுக்கு நூல் எப்படியோ, அப்படி எனக்கு அந்த மாலை. அவள் முழங்கை எந்தக் காய்க்கு நேராக வருகிறது, அவன் பாதம் எந்த இலைக்கொத்துக்கு மேலே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துப் புள்ளி வைத்தேன்.

அங்கே நிற்கும்போது அடிக்கடி நினைத்துக்கொண்டது தத்தேயோ ஸுக்காரோவை. 14 வயதில், சாந்தாஞ்சலோ இன் வாதோ என்ற சிற்றூரிலிருந்து ஓவியம் கற்க ரோமுக்கு வந்த பையன். ஒரு ஓவியரிடம் வேலைக்குச் சேர்ந்தான். அந்த வீட்டில் அவனை நிறம் அரைக்க விட்டார்களே தவிர வரைய விடவில்லை. ரொட்டிக் கூடையைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, அவன் கை வைத்தால் சத்தம் வரும்படி மணி கட்டியிருந்தார்களாம், அந்தக் கால ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிவைத்த வசாரி எழுதுகிறார். பையன் கிடைத்த நேரத்தில் ஊரெல்லாம் போய்ப் பழைய சிற்பங்களையும் சுவரோவியங்களையும் படியெடுத்தான். அவனுடைய தம்பி ஃபெதெரிகோ, அண்ணன் இறந்து பல வருடம் கழித்து, 1595 வாக்கில், அந்த இளமைக் கதையை 20 கோட்டோவியங்களாக வரைந்தார். இப்போது லாஸ் ஏஞ்சலஸில் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் தத்தேயோ இந்த ஃபார்னேசினா கூடத்தில்தான் இருக்கிறான். உட்கார்ந்து ரஃபேலின் ஓவியத்தைப் படியெடுக்கிறான்; அதே படத்தில் இன்னொரு இடத்தில், களைத்து, அங்கேயே தூங்குகிறான். எனக்குத் தெரிந்து, ஒரு சுவரோவியத்தைப் படியெடுப்பவனின் உடல் களைப்பை இவ்வளவு பரிவோடு வரைந்த படம் வேறில்லை.

இந்த விதானத்தை எல்லோரும் கொண்டாடியதும் இல்லை. 1519 ஜனவரி 1-ஆம் தேதி மைக்கலாஞ்சலோவுக்கு ஒரு நண்பர் எழுதிய கடிதத்தில், புதிதாகத் திறந்து காட்டப்பட்ட இந்த வேலை ஒரு பெரிய கலைஞருக்கு அவமானம் என்று இருக்கிறது. பெரும்பகுதியைத் தீட்டியவர்கள் ஜூலியோ ரொமானோ, பென்னி முதலிய ரஃபேலின் உதவியாளர்கள். உடல்களின் நிறம் செங்கல் சிவப்பாக, கனமாக இருப்பது உண்மைதான். 1693, 1694-இல் ஓவியர் கார்லோ மராத்தா செப்பனிட்டபோது பின்னணி நீலத்தில் அவர் கையும் ஏறியது. ஆனால் அந்த முதுகைப் பொறுத்தவரை அந்தக் கடிதக்காரர் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். நான்கு நாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த முதுகுக்குள் மூச்சு இருக்கிறது.

அப்புறம் வீடு.

மேசையில் செய்ய நினைத்தது காவிச் சிவப்பில் ஒரு முழுப் படி. ரஃபேலே இந்த விதானத்துக்காகச் சிவப்புக் காவிக்கட்டியில் வரைந்த தாள்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் விண்ட்சர் அரண்மனையில் உள்ள மூன்று தேவியர் தாள் கல்யாண விருந்துக் காட்சிக்கானது. ஒரே பெண்ணை மூன்று நிலைகளில் நிறுத்தி வரைந்தது. அந்தத் தாளில் காவிக்கு அடியில் நிறமற்ற கீறல்கள் ஓடுகின்றன. முதலில் மழுங்கிய உலோக முனையால் காகிதத்தை அழுத்தி உருவத்தைத் தேடியிருக்கிறார். திருப்தி வந்த பிறகுதான் காவியைத் தொட்டிருக்கிறார். காவியை அழிப்பது கடினம். அழித்தாலும் இளஞ்சிவப்புக் கறை நின்றுவிடும். அதனால் இந்த முன்ஜாக்கிரதை.

நானும் அப்படியே செய்தேன். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா இதற்கு அருமையான கருவி. விளக்கை மேசையின் ஓரத்தில் தாழ வைத்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் கீறல் நிழலோடு தெரியும். தவறாகக் கீறினால் அதன் பக்கத்திலேயே இன்னொன்று கீறலாம், யாருக்கும் கண்ணில் படாது. ஆனால் ஒன்று: ஆழமாக அழுத்திவிட்டால், மேலே காவியைச் சாய்த்துத் தேய்க்கும்போது அந்தக் கீறலுக்குள் நிறம் இறங்காது, வெள்ளைக் கோடாகப் பல்லிளிக்கும். என் முதல் தாளில் தோள் விளிம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது. பேனாவைச் சும்மா அதன் எடையிலேயே நகர விட வேண்டும் என்று இரண்டாவது தாளில் புரிந்தது.

காகிதம் பருத்திக் கூழில் செய்த கைக்காகிதம். ரொம்பச் சொரசொரப்பாக இருந்தால் காவி மேடுகளில் மட்டும் ஒட்டிக்கொண்டு பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். வழவழப்பாக இருந்தால் பிடிப்பே இருக்காது. ஒரு தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மெல்லிய துணி போட்டு ஸ்பூனின் முதுகால் தேய்த்து வழவழப்பாக்கினேன். அந்தப் பாதிதான் வேலைக்கு ஆனது.

இனி அந்த முதல் நாள் தாளின் கதை. ஜன்னல் கண்ணாடியில் தாளைத் திருப்பி ஒட்டி, பின்பக்கம் தெரியும் கோட்டைத் தடமெடுத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். கணினியில் திருப்பினால் அதைவிடச் சுலபம். ஆனால் தடமெடுத்தால் கிடைப்பது வெளிக்கோடு மட்டும். எனக்கு வேண்டியது உள்ளே இருந்த நிழல், அந்த மென்மை. அதோடு, காவியில் வரைந்தவர்களுக்கு இதற்கென்றே ஒரு பழைய வழி இருந்தது. வரைந்த தாளின் மேல் ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தி எடுத்தால், காவித்தூளில் ஒரு பங்கு ஈரத் தாளுக்கு ஏறி, இடம் வலம் மாறிய ஒரு வெளிறிய படம் கிடைக்கும். ஒற்றி எடுப்பது என்று நான் சொல்கிறேன். கோலத்தின் மேல் ஈரத்துணி விழுந்தால் என்ன ஆகுமோ அதுதான். எனக்கு இடம் வலம் மாறி இருப்பதை நேராக்க இதைவிடப் பொருத்தமான வழி என்ன?

முதலில் பென்சில் தாளைப் பார்த்து, இடம் வலம் மாறியபடியே, காவியில் முழு நிழலோடு ஒரு தாள் வரைந்தேன். அந்த மாலையை இன்னும் மறக்கவில்லை. முதுகுத்தண்டின் பள்ளம் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கோடு. கிட்டே போனால் அங்கே கோடே கிடையாது. ஒரு பக்கம் இருள் மெல்லக் கரைகிறது, மறுபக்கம் வெளிச்சம் சட்டென்று தொடங்குகிறது. கட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, அழுத்தாமல், ஐந்து இழுப்பு. நடுவில் ஒரே இடத்தில், இடுப்புக்குச் சற்று மேலே, கட்டியின் முனையைத் தண்ணீரில் தொட்டு ஒரு சிறு அழுத்தம் கொடுத்தேன். ஈரக் காவி அங்கே ரத்தச் சிவப்பாக இறங்கியது. அந்த ஒரு புள்ளிதான் முழு முதுகையும் உட்கார வைத்தது. அதற்கு முன்பு அவள் காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஒற்றி எடுப்பதில் முதல் முயற்சி தோற்றது. காரணம் பென்சில். நுண்ணிய இடங்களான விரல்கள், காது, முடி முடிச்சு ஆகியவற்றுக்கு எண்ணெய் சேர்த்த சிவப்புப் பென்சிலைப் பயன்படுத்தியிருந்தேன். எண்ணெயும் மெழுகும் கலந்த நிறம் ஈரத் தாளுக்கு வரவே வராது. முதுகு வந்தது, கை வரவில்லை. தலை வந்தது, காது வரவில்லை. நல்லவேளை, நான் அதைப் பரிசோதனைத் தாளில்தான் செய்தேன். இன்னொரு எச்சரிக்கை: வரைந்ததும் தூள் உதிராமல் இருக்கத் தெளிக்கும் திரவத்தை இதற்கு முன் தெளித்தால் எல்லாம் போச்சு. நிறம் காகிதத்தோடு பிணைந்துவிடும், ஒற்ற ஒன்றும் இருக்காது.

இரண்டாவது முயற்சியில் ஈரம் அதிகம். தாளைத் தொட்டியில் பத்து நிமிடம் ஊறப்போட்டு, மையொற்றுத் தாள்களுக்கு நடுவில் ஒருமுறை அழுத்திவிட்டு உடனே வைத்துவிட்டேன். காவி தண்ணீரில் ஊறிப் பரவி, இடுப்பு முழுக்கச் சிவப்புச் சேறாகிவிட்டது. அதைத் தூக்கிப் போட மனசு வராமல் இன்னும் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது முறை பொறுமையாக இருந்தேன். ஊறிய தாளை இரண்டு மையொற்றுத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான பலகை போட்டு, அரை மணி நேரம் விட்டேன். எடுத்துச் சாய்த்துப் பார்த்தால் மேலே எங்கேயும் பளபளப்பு இருக்கக் கூடாது. தொட்டால் கன்னத்தில் படும் குளிர்ச்சி மட்டும் இருக்க வேண்டும். அப்படி ஒரு பதம். இட்லி மாவுக்குப் பதம் சொல்வதுபோல்தான் இதற்கும், அளவு சொல்ல முடியாது. வரைந்த தாளை நான்கு மூலையிலும் ஒட்டி, ஈரத் தாளை ஒரு ஓரத்திலிருந்து மெல்ல இறக்கினேன். இறங்கிய பிறகு ஒரு மயிரிழையும் நகர்த்தக் கூடாது. அதன்மேல் ஒரு மெழுகுத்தாள். பிறகு ஸ்பூனின் முதுகால், நடுவிலிருந்து வெளியே, சின்னச் சின்ன வட்டங்களாக, இருபது நிமிடம் தேய்த்தேன். தங்கை அந்தப் பக்கம் தாளை அழுத்திப் பிடித்திருந்தாள். “இப்ப தூக்கலாமா?” “இரு.” “இப்ப?” “இரு டீ.”

ஒரு மூலையைத் தூக்கியபோது அவள் அங்கே இருந்தாள். அஞ்சலட்டையில் சாய்ந்திருக்கும் அதே பக்கம் சாய்ந்து. வெளிறி, காலைப் பனிக்குள் தெரிவதுபோல, ஆனால் முழுவதும். அந்த ஈரப் புள்ளி மட்டும் சரியாக ஏறவில்லை; தண்ணீர் தொட்டு வரைந்த காவி காகிதத்துக்குள் இறங்கி உட்கார்ந்துவிடுகிறது போலும்.

இங்கேதான் ஒரு வேடிக்கையான விஷயம் கண்ணில் பட்டது. நான் வலக்கைக்காரி. நிழல் போட இணைகோடுகள் இழுத்தால் இடது கீழிலிருந்து வலது மேலாகத்தான் அவை சாயும். ஒற்றிய தாளில் எல்லாம் எதிர்த்திசையில் சாய்ந்திருந்தன, இடக்கைக்காரர் ஒருவர் வரைந்ததுபோல. பழைய கோட்டோவியங்களை ஆராய்பவர்கள் ஒற்றி எடுத்த தாளை அடையாளம் காணும் வழிகளில் இதுவும் ஒன்று: கோடு வெளிறியிருக்கும், நிழல் கோடுகள் தவறான பக்கம் சாயும். பிறகு அந்த வெளிறிய படத்தின் மேல் நான் மறுபடி காவி எடுத்து அழுத்தம் கொடுத்தபோது என் வலக்கைக் கோடுகள் பழையவற்றைக் குறுக்கே வெட்டின. என் தாளைப் பார்க்கும் எவரும் அந்த இரண்டு திசைகளையும் பார்க்கலாம். மறைக்க நான் முயற்சி செய்யவில்லை.

செதுக்கு அச்சுப் படங்களிலும் இதே சிக்கல் உண்டு. செப்புத் தகட்டில் நேராகச் செதுக்கினால் அச்சில் திரும்பிவிடும். அதனால் இதுபோன்ற படங்களைப் பார்த்துச் செய்த பழைய அச்சுகளில் பல இடம் வலம் மாறி இருக்கும். சிலர் அதற்காகவே தங்கள் கோட்டோவியத்தை முதலில் திருப்பிக்கொண்டார்கள். மார்க்கந்தோனியோ ரைமொந்தி இந்த விதானத்தின் உருவங்களைச் செதுக்கியவர். பக்கத்து அறையில் இருக்கும் ரஃபேலின் கலாத்தேயா என்ற கடல்தேவதை ஓவியத்தை, ஹாலந்துக்காரர் ஹெண்ட்ரிக் கோல்ட்சியுஸ் 1590, 1591-இல் ரோமுக்கு வந்து பார்த்து வரைந்து, 1592-இல் அச்சாக வெளியிட்டார். ரோமைப் பார்க்காத எத்தனையோ ஓவியர்களுக்கு ரஃபேல் என்றால் இந்தத் தாள்கள்தான்.

வேலை நடந்த அந்த மூன்று வாரமும் என் மேசைக்கு மேலே பொலிதோரோ ட கரவாஜோவின் ஓவியத்தைப் பார்த்து யாரோ எடுத்த ஒரு பழைய படியின் நகலை மாட்டி வைத்திருந்தேன். பொலிதோரோ ரஃபேலின் பட்டறையில் வளர்ந்தவர். 1520-களில், கூட்டாளி மத்துரினோவோடு சேர்ந்து, ரோமின் வீட்டு முகப்புகளில் ஒற்றை நிறத்தில், கற்சிற்பம்போல, புராணக் காட்சிகளைத் தீட்டினார். மிலேசி மாளிகையின் முகப்பில் நியோபியின் கதை. தன் பிள்ளைகளைப் பற்றிப் பெருமை பேசியதால் அத்தனை பேரையும் அப்போலோவிடமும் டயானாவிடமும் பறிகொடுத்த தாய். வெயிலிலும் மழையிலும் அந்த முகப்புகளில் அநேகம் அழிந்துவிட்டன. இன்று நியோபியை நாம் பார்ப்பது பெரும்பாலும் படியெடுத்தவர்களின் தாள்களில். தெருவில் நின்று, பலகையை இடுப்பில் முட்டுக்கொடுத்து, பழுப்பு மையிலும் வெள்ளைத் தீற்றலிலும் வரைந்த பெயர் தெரியாதவர்கள். பிரான்ஸில் ஃபோன்தென்புளோ அரண்மனையில் ப்ரிமாத்திச்சோ என்ற ஓவியர் வடிவமைத்த யுலிசஸ் கூடமும் இப்படித்தான். 1738, 1739-இல் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். 1633-இல் தியோடோர் வான் துல்டன் எடுத்து அச்சிட்ட 58 படங்களும் வேறு சில கோட்டோவியங்களும் இல்லையென்றால் அந்தச் சுவர்களில் என்ன இருந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெயர் தெரியாதவர்கள்மேல் எனக்கு இருக்கும் நன்றி பெரியது. அவர்கள் கோட்டில் பிழை இருந்தாலும் அந்தப் பிழையோடுதான் நியோபி இன்றைக்கும் அழுகிறாள்.

இறுதித் தாளுக்கு வருகிறேன். ஒற்றி எடுத்த தாளிலேயே, அவளைச் சுற்றி மற்ற மூவரையும் நேரடியாக வரைந்தேன். நான்காம் நாள் எதிர்ப்புறத்திலிருந்து எடுத்த குறிப்புகள்தான் ஆதாரம். ஆனால் அவள் முதல் நாள் நான் வேறிடத்தில், முக்கோணத்துக்குக் கிட்டே நின்று வரைந்தவள். அதனால் மற்றவர்களை விட அவள் கொஞ்சம் குறுகியிருக்கிறாள். தலை அளவு வைத்துப் பார்த்தால் கால் பங்கு வித்தியாசம். இதைத் திருத்தலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவளை நீட்டினால் அந்த முதுகு போய்விடும். மற்றவர்களைக் குறுக்கினால் நான்காம் நாள் முழுக்க நின்றதற்கு அர்த்தமில்லை. கடைசியில் மேகத்தைக் கொஞ்சம் உயர்த்தி அவள் இடுப்புக்குக் கீழே ஒரு பகுதியை மறைத்தேன். முழுவதும் சரியாகவில்லை. உற்றுப் பார்த்தால் ஒரே தாளில் இரண்டு இடங்களிலிருந்து பார்த்திருப்பது தெரியும்.

பழமாலையை விட்டுவிட்டேன். இப்போது வருத்தமாக இருக்கிறது. எனக்கு அளவு காட்டியதே அதுதான். அடுத்த தாளில் ஓரத்துக் கோடாகவாவது வரும்.

அதிக நேரம் எடுத்தது க்யூபிடின் விரல். மூன்று முறை மாற்றினேன். முதல் முறை அது தாளின் கீழ் ஓரத்தைக் காட்டியது. இரண்டாம் முறை தேவியரில் ஒருத்தியின் முழங்காலைக் காட்டியது. அங்கே நின்றபோது அது என்னை நோக்கி வந்தது. தாளில் எப்படி வரவழைப்பது? கையை முன்னே தள்ளி, விரல் நுனியை மட்டும் அடர்த்தியாக்கி, மணிக்கட்டை வெளிற விட்டேன். ரொட்டித் துணுக்கால் மணிக்கட்டில் இருந்த காவியை ஒற்றி ஒற்றி எடுத்தேன். தேய்த்தால் கறையாகும், ஒற்றினால் மட்டும் வரும். இப்போது தாளைக் கண்ணுக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தால் அது தரையைக் காட்டுகிறது. மேசையில் படுக்க வைத்துப் பார்த்தால் காட்டுவதில்லை.

அதனால் இந்தப் படத்தைக் கதவு நிலைக்கு மேலே, முன்பக்கம் சற்றுச் சாய்த்து மாட்டியிருக்கிறேன். மாட்டுவதற்கு முன்பு கீழ் மூலையில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். ஒற்றுவதற்கு முன் எழுதியிருந்தால் திரும்பிப்போயிருக்கும், அதனால் கடைசியாகத்தான் எழுத முடிந்தது: ‘முதுகு, கிட்டே நின்று, கண்ணாடியில். மற்றவர்கள், எதிர்ச் சுவரிலிருந்து இரண்டு அடியில், அண்ணாந்து.’